மச்சுப் பலகையைத் தேய்க்கும் முன் கீழே போய்ப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மதுரை மாசி வீதிகளுக்குள் தாத்தா காலத்து வீடு. மாடி அறை 12க்கு 18 அடி. தரை முழுக்கத் தேக்குப் பலகை. அதன் அடிப்பக்கம்தான் கீழ் அறைக்கு மச்சு. பலகை நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, ஆணித் தலைகள் காலில் குத்துகின்றன, நடந்தால் கிரீச்சென்று சத்தம், ஒரு மூலையில் தூள் கொட்டுகிறது. கொத்தனார் ஒருவர் மேலே சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். பாலிஷ்காரர் ஒருவர் மெஷின் போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும் என்கிறார். எது சரி, நாங்களே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைல்ஸ் வேண்டவே வேண்டாம். 2 அங்குலச் சிமெண்ட் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். உங்கள் அறை 216 சதுர அடி, அதாவது 20 சதுர மீட்டர். கலவை மட்டுமே 2 டன் வந்துவிடும், டைல்ஸ் எடை தனி. ஆட்கள் நடப்பதற்கும் கட்டில் பீரோ நிற்பதற்கும் போட்ட மரச் சட்டங்கள் மேல் இதை நிரந்தரமாக ஏற்றி வைப்பது நியாயமே இல்லை. அதோடு ஈரக் கலவையின் தண்ணீரைப் பலகைதான் முதலில் குடிக்கும். குடித்த ஈரம் மேலே போகவும் வழி இருக்காது.

மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். நான் தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்தவன், முப்பது வருடமாக இந்த ஊரில் பழைய வீடுகளில்தான் பெரும்பாலும் வேலை. மரத் தரை என்றால் எல்லோரும் மேலே குனிந்து பார்க்கிறார்கள். கீழே போய் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. மேலே தெரிகிற தேய்மானம் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. உயிர்ப் பிரச்சினை கீழே, சுவருக்குள் இருக்கிறது.

சுவருக்குச் சுவர் போகிற கனத்த மரம் உத்தரம். அதன்மேல் குறுக்காக வரிசையாகப் படுத்திருப்பவை சட்டங்கள். சட்டத்தின்மேல் பலகை. உத்தரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் செருகியிருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தவரை முனைக்கு ஈரம் வந்தாலும் சுவர் அதை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பிறகு நாம் அதன்மேல் சிமெண்ட் பூசினோம், எனாமல் பெயிண்ட் அடித்தோம், பின்பக்கச் சுவரை ஒட்டிக் குளியலறை கட்டினோம். ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. தேக்கு எவ்வளவு உயர்ந்த மரமானாலும் வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் உளுக்கத்தான் செய்யும்.

சிம்மக்கல் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மாடித் தரைக்குப் புதிதாக பாலிஷ் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நடந்தால் மட்டும் லேசாக ஊஞ்சல் போல ஆடுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார் அந்த வீட்டம்மா. கீழே போய், ஏணி வைத்து ஏறி, சுவரோடு சேருகிற இடத்தில் உத்தரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். தயிரில் கரண்டி இறங்குவது போலப் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தால் முனையில் கறுப்பாக ஈர நார், காளான் வாடை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மேல் வீட்டுக் குளியலறைக் குழாய். பாலிஷுக்குச் செலவழித்த பணத்தில் அந்த உத்தரத்தைச் சரிசெய்திருக்கலாம்.

அதனால் உங்கள் முதல் வேலை இதுதான். நல்ல டார்ச் ஒன்று, ஒரு ஸ்குரூ டிரைவர், சாக்பீஸ். ஒவ்வொரு உத்தர முனையையும் சட்ட முனையையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஒரு பொட்டு மட்டும் பதிந்து நின்றுவிடும். பிடியால் தட்டினால் கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். முனை கெட்டிருந்தால் அது நீங்களே செய்கிற வேலை இல்லை. கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, பாதிக்குப் பாதி வெட்டிப் புது மரம் இணைத்து போல்ட் போட வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்துக் கோர்க்க வேண்டும். பழைய வீட்டு வேலை தெரிந்த ஆசாரியும் கொத்தனாரும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முனையைச் சுற்றிச் சிமெண்டை இறுக அடைத்துவிடக் கூடாது, விரல் நுழைகிற அளவு காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். குழாய்க் கசிவை நிறுத்தாமல் எந்த மரத்தை மாற்றியும் பயனில்லை.

கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845ல் அங்கே வீடு கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து மலையில் பல பழைய பங்களாக்களில் மரத் தரைதான், தரைக்கு அடியில் காற்றுப் போக வெளிச்சுவரில் துளை விட்டிருப்பார்கள். எலி வருகிறது, குளிர் வருகிறது என்று அந்தத் துளைகளை அடைத்துவிட்டுப் பிறகு பலகை உளுக்கிறதே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. கம்பி வலை போடுங்கள், அடைக்காதீர்கள்.

அடுத்து, மூலையில் கொட்டுகிற தூள். அதைக் கூட்டித் தள்ளாமல் ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழுக்கினால் அது வண்டு. மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கும். கசகசா போலக் குருணையாக உருண்டால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற உலர்மரக் கறையான். இரண்டும் இல்லாமல் சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் தரையிலிருந்து வருகிற கறையான், நம் பக்கம் செல் என்போமே அது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வண்டு பெரும்பாலும் மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கிற வெளிறுப் பகுதியைத்தான் தின்னும். தேக்கின் நடுவில் இருக்கிற வைரப் பகுதியைத் தொடாது. பலகையின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் வெளிறு. அங்கே மட்டும் பழைய பாலிஷை எடுத்துவிட்டுப் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிட்டால் போதும். பாலிஷ் இருக்கிற மரத்தில் பூசினால் உள்ளே இறங்காது. உலர்மரக் கறையான் என்றால் அது குடியிருக்கிற பலகையைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடுவதே மேல். மண் கோடு ஏறுகிற செல் என்றால் மாடியில் மருந்து அடித்துப் பிரயோஜனமில்லை. கீழ்த்தளத்தில் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். கட்டிய வீடுகளுக்கு இதை எப்படிச் செய்வது என்று ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரக்குறிப்பின் மூன்றாம் பகுதியே இருக்கிறது. வருகிற ஆளிடம் அதன்படி செய்கிறாரா என்று கேளுங்கள். முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாமா என்று சிலர் கேட்பார்கள். கூரைக் கட்டைகளுக்கு அது நல்ல பழைய வழக்கம். ஆனால் கறுத்துவிடும், தோலில் பட்டால் கொப்பளிக்கும், வெறுங்காலோடு நடக்கிற தரைக்கு ஆகாது.

இனி சத்தம். ஒருவர் மேலே மெதுவாக நடக்க, இன்னொருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். சத்தம் வருகிற இடத்தில் பலகை சட்டத்தை விட்டு மேலும் கீழும் எழும்பி, ஆணியோடு உரசுவது கண்ணுக்கே தெரியும். கீழிருந்து சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய மர ஆப்பு ஒன்றைப் பசை தடவிக் கையால் செருகினால் பாதிச் சத்தம் போய்விடும். சுத்தியலால் அடித்து இறுக்காதீர்கள், பலகை தூக்கிக்கொள்ளும். மீதிக்கு மேலிருந்து ஸ்குரூ. முதலில் சின்னத் துளை போட்டு, தலை உள்ளே அமுங்க வாய் அகலப்படுத்தி, துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவைச் சட்டத்துக்குள் இறக்கி, மேலே அதே மரத்தில் வட்டமாக வெட்டிய ஒரு துண்டை ரேகை ஒத்துப்போக வைத்து ஒட்டிவிடுங்கள். பழைய தேக்கில் துளை போடாமல் ஸ்குரூ முறுக்கினால் ஓரம் பிளக்கும், அப்புறம் அந்தப் பலகையே போச்சு. இரண்டு பலகைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்துக்கு முகப் பவுடரைச் சந்தில் தூவி நடந்தால் கொஞ்ச நாள் அடங்கும். அது தற்காலிகம்தான்.

குத்துகிற ஆணிகளைப் பிடுங்க வேண்டாம். முனை மழுங்கிய ஒரு தடித்த ஆணியை அதன் தலைமேல் வைத்து அடித்து 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்குங்கள். பிறகு எப்போதாவது மெஷின் போட்டாலும் இது முக்கியம். ஆணித் தலையில் மெஷினின் உப்புத்தாள் பெல்ட் பட்டால் கிழியும், தீப்பொறியும் பறக்கும். மரத்தூள் நிறைந்த பையில் அந்தப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தேய்ந்த பலகைக்கு வருகிறேன். என் அப்பா செய்து பார்த்து நான் கற்றுக்கொண்டது இது. உங்கள் பலகைகள் காடி போட்டு, அதாவது ஒன்றின் பள்ளத்துக்குள் அடுத்ததன் நாக்கைக் கோக்காமல், நேர் விளிம்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணி அடித்தவையா என்று சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே வெளிச்சம் தெரிந்தால் நேர் விளிம்பு. அப்படியானால் மிகவும் குழிந்த பலகையைக் கழற்றிப் புரட்டிப் போடலாம். நாயக்கர் புதுத் தெருவில் ஒரு வீட்டில் ஊஞ்சலுக்கு நேர் கீழே இருந்த பலகையைப் புரட்டினோம். மேல்பக்கம் காலால் உந்தி உந்தி உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. அடிப்பக்கம் கை ரம்பம் போட்ட கோடுகள் ஒன்றுவிடாமல் அப்படியே, நேற்று அறுத்தது போல. இழைப்புளி நான்கு தடவை ஓட்டியதும் பொன் நிறம் வந்தது. குழிந்த பக்கம் இப்போது கீழ் அறைக்கு மச்சாக இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் அண்ணாந்து பார்த்து, 'எங்க ஆத்தா உந்துன இடம்ப்பா இது' என்றார்.

காடி போட்டுக் கோத்த பலகை என்றால் புரட்ட முடியாது. தேய்ப்பதற்கும் கணக்கு உண்டு. நாக்குக்கு மேலே இருக்கிற மரம் மட்டும்தான் நம் கையிருப்பு, சாதாரணமாக 6 மில்லிமீட்டர் சுமார். மெஷின் ஒரு முறை முழுதாகப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடும், கை தவறினால் கூடவே போகும். அதனால்தான் குறைவாகத் தேயுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புது ஃபிளாட்டுகளில் போடுகிற லேமினேட் தரையைத் தேய்க்கவே கூடாது, அதன் மேலே இருப்பது மர ரேகை அச்சடித்த தாள்.

இன்னொரு எச்சரிக்கை. மதுரையில் தரை பாலிஷ் என்று கூப்பிட்டால் பெரும்பாலும் மொசைக், மார்பிள் தேய்க்கிற மெஷினோடுதான் வருவார்கள். அது தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற மெஷின். மரத்தின்மேல் அதை வைக்க விடாதீர்கள்.

தேய்க்கும் முன் மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் ஒரு நிமிடம் வைத்தால் பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்டும் துணியும் கொண்டே எடுத்துவிடலாம். காவிச் சிவப்புப் பெயிண்ட் என்றால் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் மெஷினால் தேய்த்தால் ஈயத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்துத் தகட்டால் வழித்தெடுத்துத் தாளில் சுற்றிக் கட்டிப் போடுங்கள். பெயிண்ட் இல்லாத வெறும் மரத்தூளும் லேசானதல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

தேய்க்க நான் விரும்புவது சுரண்டி. பழைய ரம்பத் தகட்டில் உள்ளங்கை அளவு வெட்டி, விளிம்பைத் தீட்டி, இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பிடித்து இழுத்தால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகச் சுருள் சுருளாக வரும். தூள் வந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது, மறுபடி தீட்டுங்கள். உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொண்டாலும் சலிக்காது. கை வலித்தால் கையில் பிடித்துத் தேய்க்கிற ஆர்பிட்டல் சாண்டர் என்ற சின்ன மெஷின் வாங்கிக்கொள்ளலாம். 60 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 80, 100, 120 என்று போக வேண்டும். அவசரத்துக்கு 60லிருந்து 120க்குத் தாவினால் முதல் தாளின் கீறல் அப்படியே நிற்கும், பாலிஷ் பட்டவுடன் கண்ணைக் குத்தும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பலகையில் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் முழுதும் மறையும் வரை அந்த நம்பர், அப்புறம் அடுத்தது. ராத்திரி விளக்கைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தால் மிச்சக் கீறல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் இருக்கிற லேசான குழிவு அப்படியே இருக்கட்டும். மூன்று தலைமுறை நடந்த தடத்தைச் சமமாக்க நல்ல மரத்தை எல்லாம் தூளாக்க வேண்டாம்.

சந்துகளை எல்லாம் மக்கு வைத்து அடைத்துவிடலாம் என்று தோன்றும். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். 9 அங்குலப் பலகை ஒன்று பங்குனிக்கும் ஐப்பசிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே அசையலாம். வெயில் காலத்தில் சந்தை இறுக அடைத்தால் ஐப்பசி மழையில் மக்கு பிதுங்கி வெளியே வரும், இல்லை பலகை தூக்கிக்கொள்ளும். 2 மில்லிமீட்டருக்குள் இருக்கிற சந்தை விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய சந்துக்கு அதே தேக்கில் மெல்லிய ரீப்பர் சீவி, ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவி, மறுபக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடம் விட்டு இறக்குங்கள். ஆணிக் குழிக்கு மட்டும் தேய்த்த தூளைப் பசையில் குழைத்த மக்கு போதும்.

மாற்றுப் பலகை தேவைப்பட்டால் கடைக்குப் போகும் முன் வீட்டுக்குள் தேடுங்கள். பரண் பலகை, உடைந்த கதவு, பழைய கட்டில் எதிலாவது கிடைக்கும். இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்த பழைய மரம் கிடைக்கும். காந்தம் ஒன்று கொண்டு போய் உள்ளே ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புது 'பர்மா தேக்கு' என்று சொல்லி விற்பதை நான் பேரை வைத்து வாங்குவதில்லை. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ரேகை நெருக்கமாக, கை வைத்தால் லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். போட்ட புதிதில் நிறம் திட்டுத் திட்டாக வேறாகத் தெரியும். உடனே சாயம் பூச வேண்டாம், தேக்கு வெளிச்சம் பட்டுச் சில வாரத்தில் தானே நிறம் கூடும்.

பூச்சுக்கு பியூவா எண்ணெயா என்பது பெரிய விவாதம். பியூ என்பது பாலியூரித்தேன் வார்னிஷ். கெட்டியானது, தண்ணீர் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும், கடைசியில் முழுத் தரையையும் மறுபடி தேய்க்க வேண்டிவரும். ஷூவோடு வீட்டுக்குள் நடக்கிற ஊர்களுக்கு அது தேவை. நாம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறவர்கள். நமக்கு ஆளிவிதை (லின்சீட்) எண்ணெயும் மேலே தேன்மெழுகும் தாராளம். கடையில் காய்ச்சியதாகவே ('பாயில்டு') விற்கிற லின்சீட் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று கை. எப்போது மங்கினாலும் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம். பியூதான் வேண்டும் என்றால் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், தேக்கின் எண்ணெய்ப்பசை மேலே இருந்தால் பூச்சு பிடிக்காமல் உரியும்.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதைச் சுருட்டி மூலையில் போட்டால் காய்கிற சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். நான் நம்பாமல் இருந்தவன்தான். ஒருநாள் சாயங்காலம் சாக்குப் பைக்குள் போட்டிருந்த துணியைக் கையில் எடுத்தபோது இட்லித் துணி மாதிரி சுட்டது, நடுவில் பழுப்பேறிக் கருகல் வாடை. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் தண்ணீர் வாளியில் முக்கி, வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.

பிறகு பராமரிப்பு சுலபம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, பிழிந்த துணியால் துடைத்தால் போதும். அரிசிமாவைக் கரைத்து இழைக் கோலம் போடுகிற வழக்கம் இருந்தால் மணைமேல் போடுங்கள். பீரோவை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

தை பிறந்ததும் தொடங்கினால் பங்குனிக்குள் முடித்துவிடலாம், மரமும் அப்போது நன்றாகக் காய்ந்திருக்கும். ஆணி இறக்குவது, சுரண்டுவது, ரீப்பர் போடுவது, எண்ணெய் பூசுவது எல்லாம் நீங்களே செய்யலாம். பலகை கழற்றுவதற்கு ஆசாரி ஒரு நாள் கூட இருந்தால் நல்லது. அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: உத்தர முனையில் ஸ்குரூ டிரைவர் எவ்வளவு இறங்கியது, மூலைத் தூள் விரலில் வழுக்கியதா உருண்டதா. அது தெரிந்தால்தான் எந்தப் பலகையிலிருந்து தொடங்குவது என்று சொல்ல முடியும்.